கிணற்று மோட்டர் புதுச் சத்தம் போட்டால்: கழற்ற முதல் காதைக் கொடுங்கள்

போன ஆவணியில் எங்கள் வீட்டுத் தண்ணி மோட்டர், மீன் பேணிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரிச் சத்தம் போடத் தொடங்கியது. வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். மோட்டர் திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தவர் கிணற்றடிக்குக்கூட வரவில்லை, படலையடியில் நின்றபடியே "பேரிங் போயிட்டுது அண்ணே" என்றார், சுற்றுகிற தண்டைத் தாங்குகிற குண்டு வளையத்தைத்தான் சொன்னார். கழற்றிக்கொண்டு போனார், ஒன்றரை நாள் கழித்து இரண்டு புதுப் பேரிங்கோடு கொண்டுவந்து பூட்டினார். போட்டுப் பார்த்தோம், சத்தமே இல்லை. காசைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே சரளைக்கல்.

திரும்ப அழைத்தால் "புதுப் பேரிங் பழக நாளெடுக்கும்" என்றார், அதற்குப் பிறகு ஃபோனை எடுக்கவில்லை. விஷயத்தைப் பிடித்தது அம்மாதான். "தம்பி, காலையில போடேக்க அது சத்தம் போடேல்ல. தண்ணித் தாங்கி அரைவாசி நிறைஞ்ச பிறகுதான் கத்துது, கவனிச்சியா?" என்று கேட்டா. அப்போதுதான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கச்சான் காற்று மாதக்கணக்கில் அடித்துக் காய்ச்சியதில் தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது. பைப்பை இழுத்து மேலே எடுத்தால் அதன் அடிநுனியில் உள்ள ஃபுட் வால்வின் வலை முழுக்க வேப்பிலையும் ஒரு கிழிந்த ஷொப்பிங் பேக்கும். மோட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை, அது தண்ணீர் கிடைக்காமல்தான் கத்தியிருக்கிறது. மோட்டர் கடையில் கிடந்த ஒன்றரை நாளும் யாரும் இறைக்கவில்லை, கிணறு ஊறி மேலே வந்துவிட்டது, அதனால்தான் முதல் இரண்டு நாள் அமைதி. பேரிங் மாற்றியதற்கும் அந்த அமைதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மோட்டர், மாமா வீட்டு மோட்டர், பக்கத்து வளவு மோட்டர் என்று ஒவ்வொன்றாகக் காது கொடுத்துப் பழகியதில் பிடிபட்டதைத்தான் கீழே எழுதுகிறேன். வீட்டில் பாவிக்கிற அரை, ஒரு குதிரைவலு மோட்டர்களுக்கு, அதாவது கிணற்றுக்கு மேலே வைத்து பைப்பால் உறிஞ்சுகிற வகைக்கு மட்டும்தான் இது. குழாய்க்கிணற்றுக்குள் இறக்குகிற வகை வேறு கதை.

தொடங்க முதல்

மோட்டரைத் தொட வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். நம்மூர் வயரிங்கில் சுவிட்ச் எந்த வயரை வெட்டுகிறது என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்தரை, வெறுங்கால், 230 வோல்ட் மூன்றும் சேர்கிற இடம் கிணற்றடி. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச்) இருந்தால் அதன் ரெஸ்ட் (Test) பொத்தானை அமர்த்தி அது விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் மோட்டரை விட்டுவிட்டு முதலில் அதைத் திருத்த ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது. பல மோட்டர்களுக்குள் சூடானால் தானாக நிற்கிற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சூடு தணிந்ததும் தானாகவே திரும்ப ஓடத் தொடங்கும். "நின்று போச்சு" என்று விசிறிப் பக்கம் விரலை விட்டால், அந்த நேரம் பார்த்து அது சுற்றும். அதற்கும் மருந்து பிளக்கைக் கழற்றுவதுதான்.

கிணற்றுக்குள் இறங்குகிற வேலை வந்தால் தனியே இறங்க வேண்டாம். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகையில் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, இறங்கியவருக்கு மயக்கம் வருவதே தெரியாது, தூக்கப் போன அடுத்தவரும் உள்ளே விழுவார்.

படி 1: சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

ஃபோனை எடுத்துச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். போடும்போதே வருகிறதா, ஐந்து பத்து நிமிடம் கழித்து வருகிறதா, நிறுத்தும்போது மட்டுமா? காலையிலா, எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிற இரவு ஏழு மணிக்கா? மழைக்குப் பிறகா, காய்ந்த மாதத்திலா? அண்மையில் யாராவது பைப்பில் கை வைத்தார்களா, தாங்கி கழுவினீர்களா, கிணறு இறைத்தீர்களா? எங்கள் வீட்டில் அம்மா சொன்ன அந்த ஒரு வரி என் கையில் முதலிலேயே இருந்திருந்தால் பேரிங் காசு மிஞ்சியிருக்கும்.

மோட்டர் நன்றாக ஓடுகிற காலத்திலும் ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். சுகமாக இருந்த சத்தம் எப்படி இருந்தது என்பது யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை. நல்ல மோட்டரும் சும்மா இராது. 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஓடுவதால் செக்கனுக்கு 100 அதிர்வு வீதம் சுருதிப் பெட்டி மாதிரி ஒரு தாழ்ந்த 'ம்ம்ம்' எப்போதும் இருக்கும். அதன் மேலே விசிறியின் காற்றுச் சத்தம், பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம். இந்த மூன்றும் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருந்தால் அது கோளாறு இல்லை.

படி 2: ஓடும்போதே நிறுத்திப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கருவி தேவையில்லை. சத்தம் நன்றாகக் கேட்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று, ஒருவரைச் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். இந்த மோட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்குக் குறையாமல் சுற்றுபவை, கரண்ட் போன பிறகும் ஓரிரு செக்கன் தானாகச் சுற்றித்தான் நிற்கும். அந்த ஓரிரு செக்கன்தான் நமக்குத் தேவை.

சுவிட்ச் விழுந்த அதே கணத்தில் சத்தம் வெட்டுண்டு போனால், ஆனால் மோட்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், அது கரண்ட் பக்கத்துச் சத்தம்: வைண்டிங் (உள்ளே உள்ள கம்பிச் சுருள்), கப்பாசிட்டர் (மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடுகிற உருளை), வோல்ட்டேஜ். மோட்டர் வேகம் குறையக் குறையச் சத்தமும் கூடவே தணிந்து, கடைசிச் சுற்றில் 'கட கட' என்று கேட்டு நின்றால் அது சுற்றுகிற பாகம்: பேரிங், விசிறி, ஷாஃப்ட் (நடுத்தண்டு). மோட்டர் நின்ற பிறகு சத்தம் வந்தால், அல்லது நிற்கிற நேரத்தில் மட்டும் 'டொங்' என்றால் அது பைப்.

தண்ணீர்ச் சத்தத்தை இதில் பிரிப்பது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் வேகம் விழுந்தவுடன் உறிஞ்சலும் விழுந்து அதுவும் சட்டென்று நின்றுவிடும். அதற்கு இன்னொரு பரிசோதனை உண்டு. மோட்டரிலிருந்து தாங்கிக்குப் போகிற பைப்பில் கேட் வால்வு இருந்தால், ஓடும்போதே அதைக் கால்வாசி, பிறகு அரைவாசி மூடுங்கள். சரளைக்கல் சத்தம் மெல்ல அடங்கினால் கோளாறு மோட்டருக்குள் இல்லை, உறிஞ்சுகிற பக்கத்தில். தண்ணீர் குறைவாக ஓடினால் உறிஞ்சல் சுமையும் குறைகிறது, அதுதான் காரணம். பேரிங் சத்தம் வால்வுக்கெல்லாம் மசியாது.

ஒரு எச்சரிக்கை: சின்ன அரைக் குதிரைவலு மோட்டர்களில் ஒரு வகை உண்டு, உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற பித்தளைச் சில்லின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் வெட்டியிருக்கும். அந்த வகையில் வெளியே போகிற வால்வை மூட மூட மோட்டருக்குச் சுமை கூடும். அதில் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் வால்வில் கை வைக்காமல் படி 5க்குப் போய்த் தண்ணீர் மட்டத்தை அளப்பது நல்லது.

படி 3: 'ம்ம்ம்' என்கிறது, சுற்றவில்லை

சுவிட்ச் போட்டால் உறுமல் மட்டும் வருகிறது, விசிறி அசையவில்லை. உடனே அணையுங்கள். சுற்றாமல் நிற்கிற மோட்டர் வழமையைவிட ஐந்தாறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும், அதைக் குளிர்விக்க வேண்டிய விசிறியும் நிற்கிறது. "கொஞ்சம் பொறு, இப்ப எடுக்கும்" என்று பார்த்துக்கொண்டு நின்ற வீடுகளில்தான் வைண்டிங் எரிகிறது. பிறகு அரக்கு கருகின மணம், அதன் பிறகு பெரிய செலவு.

பிளக்கைக் கழற்றிவிட்டு பின்பக்க விசிறி மூடியைத் திறந்து விசிறியைக் கையால் சுற்றுங்கள். பல மோட்டர்களில் ஷாஃப்டின் நுனியில் ஸ்க்ரூ ட்ரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும், அதில் வைத்தும் திருப்பலாம்.

சுற்ற மறுத்தால் உள்ளே இறுகியிருக்கிறது. கொஞ்ச நாள் ஓடாமல் கிடந்து துருப்பிடித்திருக்கலாம், நிலாவெளி மாதிரி மணல் தரைக் கிணறுகளில் மணல் புகுந்து சில்லைப் பிடித்திருக்கலாம். மேலே சொன்ன பித்தளைச் சில்லு வகையில் இடைவெளி மிகக் குறைவு, ஒரு மணல் பருக்கை போதும். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி விடுவியுங்கள். பலமாக முறுக்க வேண்டாம். விட்டுக்கொடுக்காவிட்டால் பம்ப் மூடியின் நட்டுகளைக் கழற்றி உள்ளே கழுவ வேண்டியதுதான்.

இலேசாகச் சுற்றினால் சந்தேகம் கப்பாசிட்டர் மேலே. மோட்டரின் முதுகில் உள்ள பெட்டிக்குள் இருக்கிற உருளை. வயிறு ஊதியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாமல் உள்ளே பலம் குறைந்ததும் உண்டு. அப்படியானது காலையில் எடுக்கும், இரவில் வோல்ட்டேஜ் இறங்கினால் உறுமிவிட்டு நிற்கும். பிளக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும், ஸ்க்ரூ ட்ரைவரால் இரண்டு முனையையும் தொட்டுப் பொறி பறக்க விடுவது ஊரில் வழக்கம், நல்ல வழக்கமில்லை. ஒரு பழைய குண்டு பல்பின் ஹோல்டர் வயர் இரண்டையும் முனைகளில் சில செக்கன் பிடித்தால் அமைதியாக இறங்கிவிடும். புதிது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். மைக்ரோஃபரட் எண் அதேயாக இருக்க வேண்டும், வோல்ட் அதே அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. "இது கொஞ்சம் பெரிசு, இன்னும் பலமா எடுக்கும்" என்று கடையில் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

ஒரு தடியால் விசிறியைத் தட்டிச் சுற்றிவிட்டால் மோட்டர் எடுத்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அது கப்பாசிட்டர் போனதற்கு அடையாளம், மோட்டர் போடுகிற முறை இல்லை.

கப்பாசிட்டரும் நல்லது, சுற்றலும் நல்லது, ஆனாலும் உறுமுகிறது என்றால் வயரைப் பாருங்கள். வீட்டிலிருந்து கிணற்றடி வரை நீளமாக மெல்லிய 1/1.13 வயரில் இழுத்திருந்தால் மோட்டருக்குப் போய்ச் சேர்கிற வோல்ட்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். அந்தத் தூரத்துக்குத் தடித்த 7/0.67 வயர் நல்லது. பிளக் முனையில் கறுப்பு, உருகின அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரைப் பக்கத்தில் பித்தளை முனைகள் பச்சை பூத்துப் போகும், தொடுகை கெட்டால் அதுவும் 'சர்ர்' என்று சத்தம் போடும்.

படி 4: கர்ர்ர், கீச், கட கட

நிறுத்தும்போது வேகத்தோடு சேர்ந்து தணிகிற சத்தம். உடனே பேரிங் என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் விசிறி மூடியைக் கழற்றுங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், காய்ந்த இலை போயிருக்கும், ஒருமுறை மாமா வீட்டில் ஒரு பல்லியின் எலும்புக்கூடு. உப்புக்காற்றில் தகர மூடி துருப்பிடித்து உள்ளே வளைந்து விசிறி இதழில் உரசுவதும் நம்மூரில் சாதாரணம். மூடியைக் கழற்றிய நிலையில், கையைத் தூர வைத்துக்கொண்டு, ஐந்து செக்கன் ஓட விடுங்கள். சத்தம் போய்விட்டால் மூடியைத் தட்டி நிமிர்த்திப் பூட்டினால் வேலை முடிந்தது.

போகவில்லையா, பிளாஸ்டிக் பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை எடுங்கள். நுனியை மோட்டர் உடம்பில் பேரிங் இருக்கிற இடத்தில், அதாவது விசிறிப் பக்க முனையிலும் பம்ப் பக்கக் கழுத்திலும் மாறி மாறி வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துங்கள். நுனி சுற்றுகிற எதிலும் படக்கூடாது, தொங்குகிற தலைமுடி சேலைத்தலைப்பு எல்லாம் ஒதுக்கி. நல்ல பேரிங்கில் வழுக்கிப் போகிற 'ஸ்ஸ்' மட்டும் கேட்கும். கெட்டதில் மணலில் சைக்கிள் போகிற கரகரப்பு. இரண்டு முனைக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். தெரியாவிட்டால் பேரிங் மேல் பழி போடாதீர்கள்.

எங்கள் மோட்டரிலிருந்து கழற்றிய பழைய பேரிங் இரண்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சின்னவன் விரலில் மாட்டிச் சுழற்றி விளையாடுகிறான், ஆட்டமும் இல்லை கரகரப்பும் இல்லை, அத்தனை சுகமாகச் சுற்றுகிறது. பேரிங் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். விரலில் வைத்துச் சுற்றினாலே மாற்ற வேண்டி இருந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

உண்மையிலேயே கெட்டிருந்தால், ஏன் கெட்டது என்று கேளுங்கள். பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில் உள்ள கழுத்தின் அடியில் துளித்துளியாக வடிகிறதா, துருக்கோடும் வெள்ளை உப்புக்கோடும் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் சீல் போயிருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் முன் பேரிங்குக்குள் போய் அதைத் தின்றிருக்கிறது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் கொஞ்சக் காலத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள். சீல் என்பது ஒன்றோடொன்று உரசி நிற்கிற இரண்டு வழுவழுப்பான வட்டங்கள், அவற்றைக் குளிர வைப்பது பம்பில் உள்ள தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் காதைக் கிழிக்கிற 'கீச்' வரும், கொஞ்ச நேரத்திலேயே சீல் கெட்டுவிடும்.

பேரிங் எண் அதன் பக்கத்திலேயே அடித்திருக்கும். வீட்டு மோட்டர்களில் 6201, 6202, 6203 இவைதான் அதிகம் வரும். 6202 என்றால் உள்வட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவட்டம் 35, தடிப்பு 11. இரண்டு பக்கமும் தகர மூடி போட்டது இசட் இசட், றப்பர் மூடி போட்டது டூ ஆர் எஸ். நம்மூர் ஈரத்துக்கும் உப்புக்கும் நான் றப்பரைத்தான் கேட்பேன். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வட்டத்தில் மட்டும் பொருந்துகிற ஒரு பைப் துண்டை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவட்டத்தில் சுத்தியலால் அடித்தால் உள்ளே குண்டுகள் பள்ளம் விழுத்திவிடும், புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

படி 5: சரளைக்கல்

இதுதான் காய்ந்த மாதங்களில், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, அதிகம் வருகிறது, இதைத்தான் அதிகம் பேர் பேரிங் என்று நினைக்கிறார்கள்.

மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை. அது பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்று கிணற்றுத் தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளுகிறது. காற்றால் அதிகபட்சம் 10.3 மீற்றர் உயரத்துக்குத்தான் தள்ள முடியும், எத்தனை குதிரைவலு மோட்டர் வைத்தாலும் அதுதான் கணக்கு. கடல் மட்டத்தில் இருக்கிற நமக்கு அது முழுதாகக் கிடைக்கிறது, 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாக்காரருக்கு அதுவும் இல்லை. பைப் உரசல், வளைவு, வால்வு எல்லாம் கழித்தால் நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சில்லின் வாயில் அழுத்தம் அவ்வளவு இறங்கி, சாதாரணத் தண்ணீரே அங்கே ஆவியாகிக் குமிழ் விடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தண்ணீர் நிலத்தடிச் சூட்டால் சுடுகிறது, இங்கே சூடே இல்லாமல் தண்ணீர் கொதிக்கிறது. அந்தக் குமிழ்கள் அடுத்த கணம் சில்லின் மேல் உடைகின்றன. ஒவ்வொரு உடைவும் ஒரு சின்னச் சம்மட்டி அடி. நீங்கள் கேட்கிற சரளைக்கல் அதுதான், நாள் போகப் போகச் சில்லும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்து போகும்.

முதலில் அளவுங்கள். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, மோட்டர் மட்டத்திலிருந்து தண்ணீர் வரை விடுங்கள். மோட்டர் போட முதல் ஒருமுறை, பத்து நிமிடம் ஓடிய பிறகு ஒருமுறை. எங்கள் கிணற்றில் இரண்டுக்கும் இடையில் என் கையால் மூன்று முழம் வித்தியாசம் இருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் அமைதி, பிறகு கத்தல் என்று அம்மா சொன்னதன் கணக்கு அந்த மூன்று முழம்தான்.

அடுத்து ஃபுட் வால்வு. பைப்பை மேலே எடுத்து வலையைப் பிரஷால் கழுவுங்கள். உள்ளே உள்ள நாக்கு முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். திரும்ப இறக்கும்போது கிணற்றின் அடித்தரையில் முட்ட விடாமல் ஒன்றரை இரண்டு அடி மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் சேறும் மணலும் அள்ளும். தண்ணீருக்குள்ளும் அதே அளவாவது மூழ்கி இருக்க வேண்டும். மூழ்கல் குறைந்தால் மேலே சுழி விழுந்து காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அப்போது 'கொள கொள' என்று வேறு மாதிரிச் சத்தம் வரும், தாங்கியில் விழுகிற தண்ணீர் விட்டு விட்டு, வெள்ளையாக நுரைத்து விழும்.

நுரை விழுகிறது, ஆனால் மூழ்கல் போதுமான அளவு இருக்கிறது என்றால் எங்கோ பொருத்தில் காற்று எடுக்கிறது. உறிஞ்சுகிற பைப்பில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டர் ஓடும்போது சவர்க்கார நுரையைக் குழைத்து ஒவ்வொரு பொருத்திலும் தடவிக்கொண்டு வாருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை சட்டென்று உள்ளே இழுபடும், சத்தமும் ஒரு கணம் மாறும். தண்ணீர் ஊற்றி நிரப்புகிற மூடியின் வாஷரை மறந்துவிடாதீர்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான். வெயில் பட்டுக் காய்ந்த பிவிசி யூனியனின் றப்பர் வளையம் அடுத்தது.

இதெல்லாம் சரி, ஆனாலும் ஆழம் 7 மீற்றரைத் தாண்டுகிறது என்றால் மோட்டரைக் கீழே இறக்குவதைத் தவிர வழியில்லை. கிணற்றுக்குள் திட்டுக் கட்டி இறக்கி வைத்திருக்கிற வீடுகள் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் அதைத் திரும்ப மேலே ஏற்ற ஞாபகம் வேண்டும், மாரியில் நம்மூர்க் கிணறு ஒரே இரவில் எங்கே வந்து நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. இறக்க முடியாதவர்கள் உறிஞ்சுகிற பைப்பை ஒரு அளவு பெருப்பித்து, வளைவுகளைக் குறைத்து, பைப் கிணற்றிலிருந்து மோட்டர் வரை மேல்நோக்கியே போகும்படி வையுங்கள். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். இதுவும் முடியாவிட்டால் பொறுமைதான்: பத்து நிமிடம் ஓட்டி, கிணறு ஊற விட்டு, திரும்ப ஓட்டுவது. நாங்கள் ஆவணி முழுக்க அப்படித்தான் சமாளித்தோம்.

படி 6: பைப்பும் அடித்தளமும்

நிறுத்தும்போது சுவருக்குள் 'டொங்'. மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி விழுந்து வால்வின் நாக்கை அறைந்து சாத்துகிற சத்தம். இடைக்கிடை இலேசாக என்றால் விடலாம். ஒவ்வொரு முறையும் பைப் குதித்தால் பைப்பைச் சுவரோடு கிளிப்பால் பிடியுங்கள், கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவில் பழைய ரியூப் துண்டு ஒன்று வைத்தால் சத்தம் பாதியாகும். நிறுத்திய பிறகு 'சொர்ர்' என்று தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கி, விசிறி பின்பக்கமாகச் சுற்றுகிறதா? ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. அடுத்த முறை மோட்டர் வெறுமையாக ஓடும், சீல் போகும், சீல் வழியாகப் பேரிங் போகும்.

ஓடும்போது முழு இடமும் அதிர்ந்தால் மோட்டரின் முதுகைக் காய்ந்த தடி ஒன்றால் அழுத்திப் பாருங்கள், பிறகு மேலே மூடியிருக்கிற தகரத்தை, பிறகு பைப்பை. எதை அழுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அதுதான். பக்கத்து வளவில் இரண்டு கிழமையாக "மோட்டர் உடையப் போகுது" என்று பயந்துகொண்டிருந்தார்கள், கடைசியில் மழைக்கு மூடிய தகரத்தின் மேல் வைத்த செங்கல் ஒன்று நகர்ந்திருந்தது. கால் நட்டுகளை மாற்றுவதென்றால் ஸ்ரெயின்லெஸ் போடுங்கள், சாதாரண நட்டு கடற்கரையில் ஒரு வருடத்தில் கரைந்துவிடும். மோட்டருக்கு அடியில் பழைய ரயர் துண்டு வைக்கலாம், ஆனால் தடிப்பாக வைத்தால் மோட்டர் ஆடி ஆடிப் பைப் பொருத்தை உடைக்கும்.

படி 7: 'டிக்' 'டிக்'

போடும்போது ஒரு தடவை டிக் என்றால் சில மோட்டர்களில் அது உள்ளே இருக்கிற ஸ்ரார்ட் சுவிட்ச், வழமையானது. பதினைந்து இருபது நிமிடம் ஓடி டிக் என்று நின்று, பிறகு தானாக எடுத்தால் நான் முதலில் சொன்ன சூட்டுச் சுவிட்ச். மோட்டர் ஏன் சூடாகிறது என்று மேலே உள்ள படிகளில் தேடுங்கள், அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே வயர் கொடுக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். தானாக ஓடி நிற்கிற பிரஷர் சுவிட்ச் வைத்த வீடுகளில் குழாய் மூடியிருக்கும்போதே டிக் டிக் என்றால் எங்கோ கசிவு, அல்லது சின்னச் சிலிண்டரில் காற்று போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் எறும்பு கூடு வைத்துத் தொடுகைக்குள் நசிந்தாலும் இதே சத்தம்தான். பிளக்கைக் கழற்றித் திறந்து, பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால், அல்லது கருகல் மணம் வந்தால், உடம்பைத் தொடும்போது சுள்ளென்றால், ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடும்போது "சத்தம் போடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பதிவை அனுப்பி, "போட்டு பத்து நிமிஷம் கழிச்சு வருது, வால்வ அரைவாசி மூடினா அடங்குது, தண்ணி இருபத்தஞ்சு அடியில நிக்குது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லியும் படலையடியில் நின்றே பேரிங் என்கிறவராக இருந்தால், தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.